பிளேஆஃபில் சொந்த மைதானம்: சத்தமா, குளிரா, அந்த ஒரு வார ஓய்வா?

அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் பற்றி (பிளேஆஃப் என்பது சீசன் முடிந்ததும் நடக்கும் நாக்-அவுட் சுற்று, சூப்பர் பௌல் அதன் இறுதிப் போட்டி) கேள்வி வந்தது இப்படி: "சூப்பர் பௌல் எப்படியும் முன்கூட்டியே முடிவான ஏதோ ஓர் ஊரில்தான் நடக்கிறது. அப்படியிருக்க, என்எஃப்எல் அணிகள் சீசன் கடைசியில் முதலிடத்துக்காக ஏன் இவ்வளவு முட்டி மோதுகின்றன? பிளேஆஃபில் சொந்த மைதானத்தில் ஆடினால் உண்மையிலேயே என்ன கிடைத்துவிடுகிறது?"

ஒரு ஆட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 2025 ஜனவரி 5, டெட்ராய்ட் நகரின் ஃபோர்டு ஃபீல்ட். சீசனின் கடைசி ஆட்டம். டெட்ராய்ட் லயன்ஸ் அதுவரை ஆடிய 16 ஆட்டங்களில் 14 வென்றிருந்தது. எதிரே வந்த மினசோட்டா வைக்கிங்ஸும் அதே 14. ஜெயிக்கிற அணிக்குத் தன் கான்ஃபரன்ஸில் (லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்று) முதலிடம், முதல் வாரம் ஓய்வு, அப்புறம் சூப்பர் பௌல் வரை எல்லா ஆட்டமும் சொந்த ஊரில். தோற்கிற அணிக்கு ஐந்தாமிடம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டியதுதான். நடுவில் இரண்டு, மூன்று என்றெல்லாம் எதுவும் கிடையாது. ஒன்று, இல்லாவிட்டால் ஐந்து. லயன்ஸ் 31-9 என்று வென்றது. சரியாக எட்டு நாள் கழித்து, 10 ஆட்டங்கள் மட்டுமே வென்றிருந்த லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸிடம் வைக்கிங்ஸ் 27-9 என்று தோற்று வீட்டுக்குப் போனது. 14 வெற்றி பெற்ற அணி!

லயன்ஸுக்கு என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதில்தான் உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொண்டால் மீதி எளிது. மொத்தம் 32 அணிகள், ஏஎஃப்சி, என்எஃப்சி என்று இரண்டு கான்ஃபரன்ஸ். ஒவ்வொன்றிலும் நான்கு டிவிஷன், டிவிஷனுக்கு நான்கு அணிகள். கான்ஃபரன்ஸுக்கு ஏழு அணிகள் பிளேஆஃபுக்குப் போகும். டிவிஷனை வென்ற நான்கு அணிகளுக்கு முதல் நான்கு இடம், மற்ற மூன்றுக்கு ஐந்து முதல் ஏழு. லயன்ஸும் வைக்கிங்ஸும் ஒரே டிவிஷன் என்பதால்தான் ஒன்று, இல்லாவிட்டால் ஐந்து என்று ஆனது. எந்த ஆட்டத்திலும் வரிசையில் மேலே இருப்பவர் ஊரில்தான் ஆட்டம். கூடைப்பந்திலோ பேஸ்பாலிலோ போல ஏழு ஆட்டத் தொடர் கிடையாது. ஒரே ஆட்டம், தோற்றால் சீசன் முடிந்தது. அங்கே உங்கள் ஊரில் நான்கு, எங்கள் ஊரில் மூன்று என்று கொஞ்சமாவது சமப்படுத்த முடியும். இங்கே ஒரு அணிக்கு எல்லாமே, மற்ற அணிக்கு ஒன்றுமே இல்லை.

இதுவும் எப்போதும் இருந்த ஏற்பாடு அல்ல. 1975க்கு முன்பு எந்த டிவிஷன்காரர் ஊரில் ஆட்டம் என்பதைச் சுழற்சி முறையில் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள். அணி எத்தனை ஆட்டம் வென்றது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1972இல் மயாமி டால்ஃபின்ஸ் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 14க்கு 14 வென்றது. அப்படியும் ஏஎஃப்சி இறுதிப் போட்டிக்கு அந்த அணிதான் பிட்ஸ்பர்க் போக வேண்டியிருந்தது. 21-17 என்று போராடித்தான் வென்றார்கள். அந்த ஒரு சீசன்தான் இன்றுவரை என்எஃப்எல்லில் தொடக்கம் முதல் சூப்பர் பௌல் வரை தோல்வியே இல்லாத சீசன். ஒரு சுழற்சி அட்டவணையால் அது பறிபோயிருக்கலாம் என்று நினைத்தால் இன்றைய முறை எவ்வளவோ நியாயமாகத் தெரியும்.

சரி, சொந்த மைதானத்தில் அப்படி என்ன இருக்கிறது? கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்குச் சொந்த மண் என்றால் உடனே பிட்ச் ஞாபகம் வரும். இங்கே அது கிடையாது. மைதானத்தின் நீள அகலம் எல்லா ஊரிலும் ஒன்றே. புல்லா செயற்கைத் தரையா, கூரை உண்டா இல்லையா என்ற வித்தியாசங்கள் உண்டு. அவை ஆட்டத்தைத் தலைகீழாக்கிவிடுவதில்லை. என் கருத்தில் சொந்த மைதானம் என்றால் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: சத்தம். "ரசிகர்கள் உற்சாகம் கொடுக்கிறார்கள்" என்கிற பொதுவான அர்த்தத்தில் சொல்லவில்லை. எதிரணியின் குவாட்டர்பேக் (தாக்கும் அணியை நடத்தி, பந்தை வீசுபவர்) பேசுவது பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காமல் போகிறது. அதைத்தான் சொல்கிறேன்.

அமெரிக்கன் ஃபுட்பால் பேச்சினால் நடக்கும் ஆட்டம். ஒவ்வொரு முறை பந்து உயிர்பெறுவதற்கு முன்பும் பயிற்சியாளர் ரேடியோ வழியாக குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஒரு நீண்ட சொற்றொடரைச் சொல்கிறார். அடுத்த பந்தை விடுவதற்குக் கொடுக்கப்பட்ட நேரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த ரேடியோ தானாகத் துண்டிக்கப்பட்டுவிடும். குவாட்டர்பேக் அதைக் கேட்டு, சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் திருப்பிச் சொல்லி, எல்லாரும் வரிசையில் போய் நின்ற பிறகு எதிரணியின் நிற்கும் விதத்தைப் பார்த்துத் தேவைப்பட்டால் அங்கேயே திட்டத்தை மாற்றிக் கத்த வேண்டும். கடைசியாக, பந்தை எந்தக் குரலுக்கு விட வேண்டும் என்பதும் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் குரல் எப்போது வரும் என்பது தாக்கும் அணிக்கு மட்டுமே தெரியும். தாக்கும் அணியின் மிகப் பெரிய ரகசியமே அதுதான்.

இப்போது எழுபதாயிரம் பேர் கத்துகிறார்கள் என்று வையுங்கள். டிவியில் பார்க்கும்போது குவாட்டர்பேக் இரண்டு கைகளாலும் ஹெல்மெட்டின் காதுத் துளைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். பயிற்சியாளர் சொல்வது கேட்கவில்லை. எப்படியோ கேட்டு வாங்கிக்கொண்டாலும், வரிசையின் ஓரத்தில் ஐந்தாறு யார்டு தள்ளி நிற்பவனுக்கு அவர் குரல் போய்ச் சேராது. அதனால் வெளியூரில் ஆடும் அணிகள் 'சைலன்ட் கவுண்ட்' என்ற முறைக்கு மாறுகின்றன. குவாட்டர்பேக் ஒரு காலைத் தூக்குவார், அல்லது தலையசைப்பார். பந்தைப் பிடித்திருக்கும் சென்டர் குனிந்து முன்னே பார்த்துக்கொண்டிருப்பதால் அவருக்கு அது தெரியாது. ஆகவே பக்கத்தில் இருக்கும் கார்டு திரும்பி குவாட்டர்பேக்கைப் பார்த்துவிட்டு சென்டரின் தொடையிலோ இடுப்பிலோ ஒரு தட்டுத் தட்டுவார். சென்டர் மனதுக்குள் ஒன்று இரண்டு எண்ணிவிட்டுப் பந்தைப் பின்னால் விடுவார்.

இதில் என்ன குறை? வரிசையின் ஓரத்தில் நிற்கும் டேக்கிள் பந்து நகர்வதைக் கண்ணோரத்தில் பார்த்துத்தான் எழ முடியும். அவருக்கு எதிரே நிற்கும் தற்காப்பு வீரரும் அதே பந்தைப் பார்த்துத்தான் எழுகிறார். சொந்த ஊரில் டேக்கிளுக்குக் குரல் முன்கூட்டியே தெரியும் என்பதால் கண் இமைக்கும் நேரம் முந்திக்கொள்ளலாம். வெளியூரில் அந்த இமைப்பொழுது பறிபோகிறது. 120 கிலோ எடையுள்ள ஒருவர் முழு வேகத்தில் ஓடிவரும்போது அது பெரிய இழப்பு. கொஞ்சம் முந்தி அசைந்துவிட்டாலோ 'ஃபால்ஸ் ஸ்டார்ட்', ஐந்து யார்டு பின்னால் போக வேண்டும். 2005 நவம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் சியாட்டிலில் ஆடியபோது ஒரே ஆட்டத்தில் 11 முறை இந்தத் தவறைச் செய்தது. தொழிலாகவே ஆடுகிறவர்கள், நூற்றுக்கணக்கான முறை பயிற்சி எடுத்தவர்கள், பதினொரு முறை!

கன்சாஸ் சிட்டியின் ஏரோஹெட் மைதானத்தில் ஒரு ஜனவரியில் மேல் அடுக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எதிரணிக்கு மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) வந்தால் எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள். அந்தக் குளிரில் தடிமனான கையுறையோடு கை தட்டினால் சத்தமே வராது; அதனால் காலால் தரையை மிதிக்கிறார்கள், இருக்கையைக் குத்துகிறார்கள், தொண்டை கிழியக் கத்துகிறார்கள். கூட வந்த நண்பர் என் காதருகே வந்து ஏதோ சொன்னார், வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அடுத்த சில நிமிடங்களில் பந்து சொந்த அணியின் கைக்கு வந்தது. அவ்வளவு பேரும் சட்டென்று அடங்கிவிட்டார்கள். இரண்டு பகுதி தள்ளி ஒருவர் சூடான சாக்லேட் விற்கும் குரல் தெளிவாகக் கேட்டது. யாரும் அறிவிக்கவில்லை, யாரும் கையசைக்கவில்லை. எப்போது கத்த வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்பது அந்தக் கூட்டத்துக்கு அத்துப்படி. அன்றுதான் எனக்கு இந்த விஷயம் நன்றாக உறைத்தது. கத்துவதில் பாதிதான் இருக்கிறது. அந்த அமைதியில் மீதிப் பாதி இருக்கிறது.

இதே ஏரோஹெட்டில் 2014 செப்டம்பரில் 142.2 டெசிபல் பதிவானது. மைதானச் சத்தத்துக்கான கின்னஸ் சாதனை. அதற்கு முந்தைய ஆண்டு சியாட்டிலில் 137.6. சியாட்டிலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 2011 ஜனவரி 8 அன்று அங்கே நடந்த பிளேஆஃபில், சியாட்டில் வீரர் மார்ஷான் லிஞ்ச் ஒவ்வொருவராக உதறித் தள்ளிக்கொண்டு 67 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். கூட்டம் குதித்த குதியில் மைதானத்துக்கு அருகே இருந்த நிலநடுக்கமானியில் அதிர்வு பதிவானது. அந்த ஓட்டத்துக்கு 'பீஸ்ட் குவேக்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

சத்தத்தின் மதிப்பை லீக்கே எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஒரு சான்று போதும். 2013, 2014 சீசன்களில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் தன் மைதானத்தில் பதிவு செய்த கூட்டச் சத்தத்தை ஒலிபெருக்கியில் கலந்து விட்டது. கண்டுபிடித்ததும் 3,50,000 டாலர் அபராதம், கூடவே 2016 டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஒரு தேர்வு வாய்ப்பும் போனது. பணத்தைவிட அந்த டிராஃப்ட் வாய்ப்பு போனதுதான் அணிக்கு வலிக்கும். சும்மா உற்சாகத்துக்கான விஷயம் என்றால் யாரும் இவ்வளவு கடுமை காட்டமாட்டார்கள்.

அடுத்து குளிர். ஜனவரி பிளேஆஃப் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது பனியும் குளிரும்தான், அதற்குக் காரணமும் இருக்கிறது. 1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பேயின் லாம்போ மைதானத்தில் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். கிரீன் பே பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி தரைக்கு அடியில் பதித்திருந்த சூடாக்கும் கம்பிகள் வேலை செய்யவில்லை, தரை பாறையாக உறைந்துவிட்டது. நடுவர்கள் விசில் ஊத முடியவில்லை. உலோகம் உதட்டில் ஒட்டிக்கொண்டது. மீதி ஆட்டத்தைக் குரலாலேயே நடத்தினார்கள். 16 விநாடி மிச்சம், கோல் கோட்டுக்கு ஒரு யார்டு, 17-14 என்று டாலஸ் முன்னிலை. குவாட்டர்பேக் பார்ட் ஸ்டார் பந்தை யாருக்கும் கொடுக்காமல் தானே புகுந்து கிரீன் பேயை 21-17 என்று வெல்ல வைத்தார். 'ஐஸ் பௌல்' என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

1982 ஜனவரியில் நடந்தது அதைவிடக் கொடுமை என்பேன். சான் டியகோ சார்ஜர்ஸ் மயாமியின் புழுக்கத்தில் கூடுதல் நேரம் வரை ஆடி 41-38 என்று வென்றது. சார்ஜர்ஸ் வீரர் கெல்லன் வின்ஸ்லோவை இரண்டு சக வீரர்கள் தோள் கொடுத்துத்தான் வெளியே கூட்டிப்போனார்கள். எட்டே நாள் கழித்து அதே அணி சின்சினாட்டியில் மைனஸ் 23 டிகிரியில், அடித்து வீசும் காற்றில் நின்றது. சின்சினாட்டியின் முன்வரிசைக்காரர்கள் கையில்லாத சட்டையோடு வெறும் கையைக் காட்டிக்கொண்டு வந்தார்கள், எதிராளியின் மனதை உடைக்க. 27-7 என்று சின்சினாட்டி வென்றது.

இந்தக் கதைகளெல்லாம் உண்மை. ஆனால் இவற்றை வைத்து "குளிர் ஊர் அணியை ஜனவரியில் அசைக்க முடியாது" என்று முடிவு கட்டினால் தவறாகிவிடும். லாம்போவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் திறந்த அந்த மைதானத்தில் கிரீன் பே ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூடத் தோற்காமல் 2002 வரை தாக்குப்பிடித்தது. 2003 ஜனவரி 4 அன்று குவாட்டர்பேக் மைக்கேல் விக்கின் அட்லாண்டா வந்து 27-7 என்று அடித்துவிட்டுப் போனது. கூரை போட்ட மைதானத்தில் ஆடிப் பழகிய தெற்கத்தி அணி. அடுத்து வென்ற மினசோட்டாவும் அப்போது கூரைக்குள் ஆடிய அணிதான். அப்புறம் நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டு முறை, கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ இரண்டு முறை, ஃப்ளோரிடாவின் டாம்பா பே ஒரு முறை. 2003 ஜனவரியிலிருந்து இப்படி ஏழு தோல்விகள். பனியன் போட்டுத் திரியும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் பனியில் வென்றிருக்கிறார்கள்.

அதில் 2008 ஜனவரி 20 ஆட்டம் மறக்க முடியாதது. மைனஸ் 18 டிகிரி. ஜயன்ட்ஸ் பயிற்சியாளர் டாம் காஃப்லினின் கன்னங்கள் குளிரில் வெந்துபோனதுபோல் செக்கச்செவேலென்று இருந்ததை டிவி திரும்பத் திரும்பக் காட்டியது. உதைப்பவரான லாரன்ஸ் டைன்ஸ் அன்று இரண்டு முறை தவறவிட்டிருந்தார். கூடுதல் நேரத்தில் 47 யார்டிலிருந்து மறுபடி உதைக்கக் கூப்பிட்டார்கள், போட்டுவிட்டார். 23-20. அந்தக் கூடுதல் நேரத்தில் எதிராளியிடம் பறிகொடுத்த பந்துதான் கிரீன் பேக்காக பிரெட் ஃபாவ்ர் வீசிய கடைசிப் பந்து. பல வருடம் அந்த ஊர்க் குளிரில் ஆடியவர் அவர். குளிர் அவரையும் விடவில்லை. குளிர் இரண்டு அணிகளையும் ஒரே மாதிரிதான் கடிக்கும். உறைந்த பந்தைப் பிடிக்கச் சிரமப்படும்போது அது யார் ஊர் என்று கை பார்ப்பதில்லை. சத்தம் அப்படி அல்ல. அது ஒரு அணிக்கு எதிராக மட்டுமே வேலை செய்கிறது. என் பட்டியலில் சத்தத்தை மேலேயும் குளிரைக் கீழேயும் வைப்பதற்கு இதுதான் காரணம்.

நடுவர்கள் சொந்த அணிக்குச் சாய்கிறார்களா என்றும் கேட்பார்கள். கூட்டத்தின் நெருக்கடி அவர்களையும் தொடும், அவர்களும் மனிதர்கள்தான். ஆனால் பிளேஆஃப் வரலாற்றில் மிக அநியாயமாகப் பேசப்படும் தீர்ப்பு சொந்த அணிக்கு எதிராகத்தான் விழுந்தது. 2019 ஜனவரி, நியூ ஆர்லியன்ஸ், 20-20. பந்து வந்து சேருமுன்பே ராம்ஸ் வீரர் நியூ ஆர்லியன்ஸ் வீரரை மோதித் தள்ளினார். உலகமே பார்த்தது, நடுவர் தவறைக் குறிக்கும் கொடியை எறியவில்லை. எழுபதாயிரம் பேர் அலறியும் பிரயோஜனமில்லை. ராம்ஸ் 26-23 என்று கூடுதல் நேரத்தில் வென்று சூப்பர் பௌலுக்குப் போனது. அந்தக் கோபம் ஓயாமல், அடுத்த சீசனுக்கு மட்டும் அத்தகைய தீர்ப்புகளை வீடியோவில் மறுபரிசீலனை செய்ய விதியே கொண்டுவந்தார்கள்.

இனி எண்களுக்கு வருவோம். சாதாரண சீசன் ஆட்டங்களில் சொந்த ஊர் அணி வெல்வது பல பத்தாண்டுகளாக நூற்றுக்கு 57 என்ற அளவில் இருந்துவந்தது. புள்ளிக் கணக்கில் சுமார் மூன்று புள்ளி, அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் பெறும் ஒரு ஃபீல்ட் கோல், என்பதுதான் பந்தயக்காரர்களின் பழைய கணக்கு. சமீப வருடங்களில் அது குறைந்துவிட்டது. சைலன்ட் கவுண்டில் அணிகள் தேர்ந்துவிட்டது ஒரு காரணமாக இருக்கலாம். அப்புறம் 2020 வந்தது. கோவிட் காரணமாக மைதானங்கள் காலி, அல்லது கொஞ்சம் பேர் மட்டும். அந்த சீசனில் சொந்த ஊர் அணிகள் 127 வெற்றி, 128 தோல்வி, ஒரு சமன். லீக் வரலாற்றிலேயே முதல் முறையாக வெளியூர் அணிகள் கூடுதலாக வென்றன. அந்த பிளேஆஃபிலும், சூப்பர் பௌலை விட்டுவிட்டுப் பார்த்தால், 12 ஆட்டங்களில் சொந்த ஊருக்கு ஆறு, வெளியூருக்கு ஆறு. பயணம் இருந்தது, குளிர் இருந்தது, பழகிய உடைமாற்றும் அறை இருந்தது. கூட்டம் மட்டும்தான் இல்லை. ஒரே சீசனை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாதுதான். இருந்தாலும் எனக்கு இது பெரிய சாட்சி.

பிளேஆஃப் எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. 2013 முதல் 2017 வரை ஐந்து சீசன்களில் நடந்த பத்து கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டிகளையும் சொந்த ஊர் அணியே வென்றது. பத்துக்குப் பத்து! உடனே "பார்த்தீர்களா, சொந்த மைதானம்!" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தப் பத்தில் ஒன்பது அணிகள் தத்தம் கான்ஃபரன்ஸில் முதலிடம் பிடித்தவை. நல்ல அணி என்பதால் சொந்த ஊர் கிடைத்ததா, சொந்த ஊர் கிடைத்ததால் வென்றதா என்று பிரிப்பது கடினம். அடுத்த சீசனிலேயே, 2019 ஜனவரியில், முதலிடக்காரர்களான நியூ ஆர்லியன்ஸும் கன்சாஸ் சிட்டியும் ஒரே நாளில் சொந்த ஊரில் தோற்றன, இரண்டுமே கூடுதல் நேரத்தில். கன்சாஸ் சிட்டி ஆட்டத்தில் அந்த அணியின் டீ ஃபோர்டு என்பவரின் உடல், பந்து விடும் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நீண்டிருந்தது. அதனால் வெற்றியைக் கையில் கொடுத்திருக்க வேண்டிய ஒரு பந்துப் பறிப்பு செல்லாமல் போனது. அவ்வளவு சத்தமான மைதானமும் ஒரு சாண் அளவுத் தப்பைக் காப்பாற்றாது.

சரி, சொந்த மைதானத்தின் பலன் அவ்வளவுதான் என்றால் முதலிடத்துக்கு ஏன் இந்த அடிதடி? என் பதில்: முதலிடத்தின் உண்மையான பரிசு மைதானம் இல்லை, அந்த ஒரு வார ஓய்வு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லா அணிகளும் சமம், ஒவ்வொரு ஆட்டமும் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். மற்ற அணிகள் சூப்பர் பௌலை எட்ட மூன்று ஆட்டம் வெல்ல வேண்டும்: வாய்ப்பு எட்டில் ஒன்று. முதலிடக்காரர் இரண்டு வென்றால் போதும்: நான்கில் ஒன்று. ஓய்வு மட்டுமே வாய்ப்பை இரட்டிப்பாக்கிவிடுகிறது. இதன்மேல் சொந்த மைதானத்தைச் சேர்த்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் நூற்றுக்கு 50ஐ 55 ஆக்குங்கள். 25 சதவீதம் 30 ஆகிறது. நல்ல லாபம்தான், ஆனால் ஓய்வு கொடுத்ததோடு ஒப்பிட்டால் சின்னது. தவிர, 17 ஆட்டம் ஆடி முடித்த உடம்புகளுக்கு ஜனவரியில் கிடைக்கும் ஒரு வாரம் என்றால் வீங்கிய கணுக்கால் வற்றும், தோள்பட்டை கொஞ்சம் ஆறும். அதைக் கணக்கில் எழுத முடியாது.

2020 முதல் அந்த ஓய்வு கான்ஃபரன்ஸுக்கு ஒரே அணிக்குத்தான்; அதற்கு முன்பு இரண்டு அணிகளுக்குக் கிடைத்துவந்தது. அப்படி மாற்றிய முதல் ஐந்து சீசன்களில் பத்து முதலிட அணிகளில் ஐந்து சூப்பர் பௌல் வரை போயிருக்கின்றன. ஏழில் ஒரு அணி என்று பார்க்கும்போது இது மிகப் பெரிய விகிதம். ஆனால் அந்த ஐந்து சீசன்களில் முதலிடத்திலிருந்து கோப்பையை வென்றது 2022இன் கன்சாஸ் சிட்டி மட்டும்தான்.

லீக் இதை எவ்வளவு மதிக்கிறது என்பது 2023 ஜனவரியில் தெரிந்தது. பஃபலோ வீரர் டமார் ஹேம்லின் மைதானத்திலேயே இதயத் துடிப்பு நின்று சரிந்த ஆட்டம் பாதியில் கைவிடப்பட்டது. அவர் உயிர் பிழைத்ததுதான் அன்று எல்லாருக்கும் முக்கியமாக இருந்தது. பிறகு ஒரு சிக்கல் எழுந்தது. பஃபலோவும் கன்சாஸ் சிட்டியும் சமமான எண்ணிக்கையில் ஆட்டம் ஆடவில்லை. முதலிடம் யாருக்கு என்று நியாயமாகச் சொல்ல முடியாது. ஏஎஃப்சி இறுதிப் போட்டியில் அந்த இருவரும் சந்தித்தால் பொது ஊரான அட்லாண்டாவில் ஆடலாம் என்று லீக் முடிவெடுத்து, ஐம்பதாயிரத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. ஆனால் பஃபலோவின் பனியில் சின்சினாட்டி வந்து 27-10 என்று வென்றுவிட, அந்த டிக்கெட் பணம் முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஓய்வு வாரத்தை மட்டும் கன்சாஸ் சிட்டிக்குக் கொடுத்துவிட்டு மைதானத்தைத்தான் பொதுவாக்கினார்கள் என்பது கவனிக்க வேண்டியது. மேலே போட்ட கணக்குப்படி பார்த்தால் பஃபலோவுக்குப் பெரிய இழப்பு ஓய்வுதான்.

இப்போது லயன்ஸ் கதை. 15 வெற்றியோடு முதலிடம், ஒரு வாரம் ஓய்வு, சொந்த ஊர், கூரைக்குள் காதைக் கிழிக்கும் சத்தம். 2025 ஜனவரி 18 அன்று வாஷிங்டன் கமாண்டர்ஸ் வந்தது. குவாட்டர்பேக் ஜெய்டன் டேனியல்ஸ் தன் முதல் சீசனில் இருந்த இளைஞர். வாஷிங்டன் 45-31 என்று வென்றது. தற்காப்பில் பல வீரர்களைக் காயத்தால் இழந்திருந்த லயன்ஸ், பந்தையும் ஐந்து முறை பறிகொடுத்தது. ஐந்து முறை பந்தை இழந்தால் எந்த ஊரும் காப்பாற்றாது. வைக்கிங்ஸ் பக்கமும் பாருங்கள்: லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயால் ராம்ஸின் 'சொந்த' ஆட்டம் அரிசோனாவுக்கு மாற்றப்பட்டிருந்தது. சொந்த ஊரே இல்லாமல் ராம்ஸ் எதிரணி குவாட்டர்பேக்கை ஒன்பது முறை வீழ்த்தியது.

அந்த சீசனுக்குப் பிறகு டெட்ராய்ட் அணியே ஒரு யோசனை வைத்தது: டிவிஷன் வென்றவர் என்பதற்காக மட்டும் சொந்த ஊர் கொடுக்காமல், வெற்றி எண்ணிக்கையை வைத்துக் கொடுக்கலாம் என்று. ஆதரவு போதாமல் பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. 'பீஸ்ட் குவேக்' நடந்த அந்த 2011 ஆட்டத்தில் சியாட்டில் 7 வெற்றி, 9 தோல்வி பெற்ற அணி. டிவிஷனில் யாரும் அதைவிட அதிகம் வெல்லவில்லை என்பதால் டிவிஷனில் முதலிடம் பிடித்தது. எதிரே 11 வெற்றி பெற்ற நடப்புச் சாம்பியன் நியூ ஆர்லியன்ஸ், வெளியூர்க்காரராக. சியாட்டில் 41-36 என்று வென்றது. அழகான ஆட்டம்தான், ஆனாலும் அந்த மைதானத்தை சியாட்டில் சம்பாதிக்கவில்லை.

அடுத்த ஜனவரியில் வெளியூர் அணி மூன்றாவது டவுனுக்கு வரிசையில் நிற்கும்போது பந்தை விட்டுவிட்டு சென்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கார்டைப் பாருங்கள். அவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார், சென்டரின் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டு ஒரு நொடி தாமதமானால், ஓரத்தில் நிற்கும் டேக்கிளின் தோள் முன்னால் துடிக்கும், மஞ்சள் கொடி பறக்கும், கூட்டம் இன்னும் கொஞ்சம் உரக்கக் கத்தும்.